டிசம்பர் படத்தில் கொஞ்சம் துக்கமும் இருக்கட்டும்

கிறிஸ்துமஸ் லீவில் வீட்டோடு உட்கார்ந்து என்ன படம் பார்ப்பது என்று வருடா வருடம் பஞ்சாயத்து நடக்கிற வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீடு பெரம்பூரில், லூர்து மாதா கோயிலுக்கு நடந்து போகிற தூரம். அப்பா ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் வேலை பார்த்தவர். அம்மா, அத்தை, அண்ணன், அண்ணி, அவர்களுடைய பையன், சின்னப் பெண், நான், அப்புறம் லீவுக்கு வந்துபோகிற காசிமேட்டுச் சித்தி குடும்பம் என்று ஒரே ஹாலில் பள்ளிக்கூடப் பிள்ளையிலிருந்து எழுபது தாண்டியவர்கள் வரை உட்காருவோம். எல்லாருக்கும் ஒரே அளவுக்குப் பிடித்த படம் என்று ஒன்று இதுவரை அமைந்ததில்லை. ஆனால் இத்தனை வருடம் பார்த்ததில் ஒன்று எனக்கு உறுதியாகத் தெரிகிறது. பண்டிகை நாளாச்சே, சிரிப்பாக இருக்கட்டும் என்று தேர்ந்தெடுத்த படங்கள் ஒரு தடவையோடு முடிந்துவிட்டன. உள்ளே ஒரு துக்கத்தை வைத்திருக்கிற படங்களைத்தான் அடுத்த வருடமும் "அதைப் போடேன்" என்று கேட்கிறார்கள்.

இந்த ஊர் டிசம்பரும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எங்களுக்கு டிசம்பர் என்றால் மழை. வாசலில் ஸ்டார் தொங்கும், குடிலில் பஞ்சை ஒட்டிவிட்டுப் பனி என்போம், கேரல் ரவுண்ட்ஸ் வேன் ராத்திரி தெருவுக்குள் வந்து நிற்கும், விடியற்காலையில் கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை கேட்கும், எதிர்வீட்டு அக்கா பூசணிப்பூ வைத்துக் கோலம் போட்டிருப்பார். எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் 26ஆம் தேதி என்று ஒன்று இருக்கிறது. 2004இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் சுனாமி வந்தது. காசிமேட்டுக்காரர்களுக்கு அந்தத் தேதி இன்னமும் வேறு. அன்று காலை கடலில் பாலை ஊற்றிப் பூவைப் போட்டுவிட்டு வருவார்கள். சித்தி அன்றைக்கு டிவி பக்கமே வரமாட்டார். அதனால் எங்கள் வீட்டில் 26 அன்று படம் கிடையாது. யாரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு இல்லை, அப்படியே பழகிவிட்டது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நாள் இருக்கலாம், யாருடைய நினைவு நாளாகவாவது இருக்கலாம். படத்தைத் தேடுவதற்கு முன்னால் அந்த நாளை ஒதுக்கிவிடுங்கள்.

முதலில் சவுண்ட் ஆஃப் மியூசிக். இதை எங்களுக்குக் காட்டியது பக்கத்து போர்ஷனில் இருந்த ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டி. அவர் வீட்டுக்காரரும் அப்பாவும் ஒரே ஒர்க்‌ஷாப்பில் வேலை. டிசம்பர் பிறந்ததும் கல்கல்ஸ் பலகாரம் உருட்ட எங்களையும் கூப்பிட்டுக்கொள்வார். மாவைச் சுண்டைக்காய் அளவு கிள்ளி, முள்கரண்டியின் முதுகில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இழுத்தால் வரிவரியாகச் சுருண்டுகொள்ளும், கொஞ்சம் அழுத்தம் கூடினால் ஓட்டை விழுந்துவிடும். ஒரு தாம்பாளம் நிறைகிற வரைக்கும் விசிஆரில் அந்தப் படம் ஓடும், கை மாவில் இருக்கும், கண் டிவியில் இருக்கும். பிறகு அவர்கள் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனபோது கேசட்டை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

1965இல் வந்த இந்தப் படத்தில் கிறிஸ்துமஸ் காட்சியே கிடையாது. கதை நடப்பது ஆஸ்திரியாவில், பச்சை மலையும் ஏரியுமாக. ஆனால் மேற்கத்திய நாடுகளில் பண்டிகை நாட்களில் டிவியில் போட்டுப் போட்டு அது கிறிஸ்துமஸ் படமாகவே ஆகிவிட்டது, பிடித்த பொருட்களையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிற அதன் பாட்டையும் 1960களிலிருந்தே பாடகர்கள் தங்கள் கிறிஸ்துமஸ் ஆல்பங்களில் சேர்த்துக்கொண்டார்கள். படத்தில் அந்தப் பாட்டு எங்கே வருகிறது தெரியுமா? இடி மின்னல் அடிக்கிற ராத்திரியில். பயந்துபோன பிள்ளைகள் ஒவ்வொருவராக, அவர்களைப் பார்த்துக்கொள்ள வந்த மரியாவின் அறைக்குள் ஓடி வந்து கட்டிலில் ஏறிக்கொள்கிறார்கள், பயத்தைப் போக்க அவள் பாடுகிறாள். பனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சென்னை டிசம்பருக்கு இதைவிடப் பொருத்தமான காட்சியை நான் வேறு எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

2023 மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறி, கரண்ட் போய், இன்வெர்ட்டரும் நின்றுவிட்டது. அண்ணன் மகளுக்கு அப்போது இடிச் சத்தம் என்றால் உடம்பே நடுங்கும். லேப்டாப்பில் மிச்சமிருந்த சார்ஜில் அந்த ஒரு காட்சியை மட்டும் அவளுக்குப் போட்டேன். அது முடிந்ததும் அவளும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்: கல்கல்ஸ், புது கவுன், சித்திப் பாட்டி கொண்டுவரும் வஞ்சிரம், அரைப் பரீட்சை தள்ளிப்போனது. அன்றிலிருந்து சின்னப் பிள்ளைகளுக்கு முழுப் படத்தையும் போட்டுக் காட்ட வேண்டும் என்று நான் நினைப்பதில்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளையைக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படத்துக்குப் பிடித்து உட்கார வைத்தால் அந்தப் படத்தையே அது வெறுத்துவிடும். ஒரு காட்சி போதும், மிச்சத்தை வளர்ந்த பிறகு தானே தேடிப் பார்க்கும்.

அப்பா இறந்த வருடம்தான் அந்தப் படத்தின் இன்னொரு பக்கம் எனக்குத் தெரிந்தது. எங்கள் பக்கம் துக்க வீட்டில் அந்த வருடம் ஸ்டார் கட்டமாட்டோம், பலகாரம் சுடமாட்டோம், அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பதோடு சரி. அம்மா ரேடியோவைக்கூடத் தொடவில்லை. வேலை செய்துகொண்டே பாட்டு முணுமுணுக்கிறவர், அதையும் நிறுத்திவிட்டார். அண்ணன் பாவம், அம்மா முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் 25ஆம் தேதி மத்தியானம் ஒரு காமெடிப் படத்தைப் போட்டார். புதுப் படம், ஒரு பெரிய வீடு, ஆளுயர மரம், கடைசி நிமிஷத்தில் அப்பாக்காரர் பரிசுப் பொட்டலத்தோடு கதவைத் தட்டுகிறார், எல்லாரும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார்கள். அம்மா எழுந்து, "புளி ஊறப்போடணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றைக்குச் சமையலே இல்லை, சித்தி வீட்டிலிருந்து பிரியாணி வந்திருந்தது.

இரண்டு மூன்று நாள் கழித்து அம்மாவே, "ஆன்ட்டி குடுத்துட்டுப் போச்சே, அந்த ஏழு புள்ளைங்க படம், அது இருக்கா?" என்று கேட்டார். கேசட் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது, நெட்டில் தேடிப் போட்டேன். அதுவரை நான் அதைப் பாட்டும் விளையாட்டுமான படமாகவே நினைத்திருந்தேன். அன்றைக்கு அம்மாவோடு பார்த்தபோதுதான் அது மனைவி செத்துப்போனதும் வீட்டில் பாட்டே கூடாது என்று நிறுத்திவிட்ட ஒரு மனிதரின் கதை என்று உறைத்தது. பிள்ளைகள் பாடுவதைக் கேட்டு அவர்களுடைய அப்பாவான அந்தக் கேப்டன் வாசலில் நின்று, தானும் சேர்ந்து பாடுகிற இடம் வந்தது. "பொண்டாட்டி போனதும் பாட்டையே நிறுத்திட்டான் பாரு அந்த ஆளு" என்றார் அம்மா. அப்புறம், "சவுண்ட கொஞ்சம் ஏத்து" என்றார். அழுதுகொண்டேதான் பார்த்தார். யாரும் அவரைத் தேற்றவில்லை, டிவியை நிறுத்தவும் இல்லை, அதுதான் சரியாக இருந்தது.

துக்கம் நடந்த வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆறுதலாக இருக்கும் என்று நீங்களாக ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். யாருக்கு இழப்போ அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவர் கேட்கிற படம் அழுகைப் படமாக இருந்தாலும் பயப்படாமல் போடுங்கள். திரையில் எல்லாம் நிறைந்து கிடக்கிற ஒரு வீட்டைப் பார்ப்பதுதான் அந்த நேரத்தில் அவர்களுக்குத் தாங்க முடியாத விஷயம்.

இரண்டாவது, இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப். 1946இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், ஃபிராங்க் காப்ரா இயக்கியது. வெளிவந்தபோது போட்ட பணத்தைக்கூட எடுக்கவில்லை. 1974இல் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள், அதனால் அமெரிக்க டிவி நிலையங்கள் காசு கொடுக்காமல் டிசம்பர் தோறும் போட ஆரம்பித்தன, அப்படித்தான் அது வீட்டுக்கு வீடு தெரிந்த படமானது. அதிலிருக்கிற பனியை வெயில் காலத்தில் எடுத்திருக்கிறார்கள். அதற்கு முன்னாலெல்லாம் வெள்ளை பூசிய கார்ன்ஃபிளேக்ஸைத் தூவுவார்களாம், மிதித்தால் சத்தம் கேட்கும். இதற்காகத் தீயணைக்கும் நுரையையும் சோப்பையும் தண்ணீரையும் கலந்து புதுப் பனி செய்தார்கள். பனி கொட்டுகிற இடத்திலேயே கதாநாயகனுக்கு வியர்ப்பது உற்றுப் பார்த்தால் தெரியும். நம் குடிலில் ஒட்டுகிற பஞ்சும் அதுவும் ஒன்றுதான் என்று அண்ணன் மகளுக்கு அதில் ஒரே சந்தோஷம்.

இந்தப் படம் எங்கள் வீட்டில் எடுபடும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. பழசு, வேற்று நாடு, தற்கொலை செய்துகொள்ளப் பாலத்துக்கு வந்து நிற்கிற ஒரு மனிதனோடு கதை போகிறது. ஆனால் அவன் என்ன தொழில் செய்கிறான் என்று பாருங்கள். ஊரார் போடுகிற சிறுசிறு சேமிப்பை வைத்து அவர்களுக்கே வீடு கட்டக் கடன் கொடுக்கிற சின்னக் கம்பெனி நடத்துகிறான். "சீட்டு பிடிக்கிறவன் மாதிரியா?" என்று அத்தை கேட்டார். ஆமாம், கிட்டத்தட்ட என்றேன். அவ்வளவுதான், நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். வட சென்னையில் சீட்டுப் போடாத வீடு உண்டா, சீட்டுக்காரர் ஓடிப்போன கதை தெரியாத தெருதான் உண்டா?

அதில் ஒரு காட்சி. கல்யாணமாகித் தேனிலவுக்குக் கிளம்புகிற நாளில் பணம் கேட்டு ஊரே கம்பெனி வாசலில் குவிந்துவிடும். மனைவி தேனிலவுக்கு வைத்திருந்த 2000 டாலரை எடுத்து நீட்டுவாள். முதலில் வருகிறவர் தன் கணக்கில் இருக்கிற முழுப் பணத்தையும் கேட்டு வாங்கிக்கொள்வார். அடுத்து ஒருவர் 20 டாலர் போதும் என்பார். பிறகு ஒரு அம்மா தயங்கித் தயங்கி 17 டாலர் 50 செண்ட் கிடைக்குமா என்பார். உடனே அவன் எட்டி அந்த அம்மாவின் கன்னத்தில் முத்தம் கொடுப்பான். சாயங்காலம் கதவைச் சாத்தும்போது கையில் இரண்டே டாலர் இருக்கும். அத்தை அந்த இடத்தில், "அந்தம்மாவுக்குத் தெரியுது பாரு, தேவைக்கு மேல கேக்கக் கூடாதுன்னு" என்று சொல்லி அழுதார். ஒரு சீட்டு உடைந்தபோது தெருவில் யார் யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று அரை மணி நேரம் பேச்சு ஓடியது. நான் படத்தை நிறுத்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்கு அந்தப் பேச்சு படத்தைவிடப் பெரிதாகப் பட்டது. கடைசியில் 8000 டாலரை அமுக்கிக்கொண்ட பணக்காரக் கிழவனுக்குத் தண்டனையே கிடைக்காது. அத்தைக்கு அதில் இன்னமும் கோபம். "அவனை யாரும் கேக்கவே இல்லையே!" என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறார்.

பாலத்துக் காட்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் யாராவது மனம் உடைந்து இருக்கிற நேரமென்றால் இந்தப் படத்தைத் திடீரென்று போட்டுவிடாதீர்கள். அப்படி ஒரு கட்டம் வருகிறது என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் உறவில் ஒரு தம்பி அப்படி இருந்த வருடம், நாங்கள் இதைப் பார்க்கவில்லை.

பண்டிகைப் படங்களில் துக்கத்தைத் துடைத்து எடுக்கிற வேலை ரொம்ப காலமாகவே நடக்கிறது. மீட் மீ இன் செயின்ட் லூயிஸ் என்று 1944இல் ஒரு பாட்டுப் படம். ஊரைவிட்டுப் போகப்போகிற குடும்பம், அழுகிற தங்கைக்கு ஜூடி கார்லண்ட் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுவார். முதலில் எழுதிய வரிகள், இதுவே உன் கடைசிக் கிறிஸ்துமஸாக இருக்கலாம் என்கிற அளவுக்கு இருந்ததாம். சின்னப் பிள்ளையிடம் இதைப் பாட முடியாது என்று கார்லண்ட் மறுத்துவிட, கொஞ்சம் இறக்கி எழுதினார்கள். அது நியாயம்தான். ஆனால் 1957இல் ஃபிராங்க் சினாட்ரா தன் ஆல்பத்துக்காக இன்னும் குஷியாக வேண்டும் என்று கேட்டு, எப்படியோ தட்டுத்தடுமாறிச் சமாளிப்போம் என்று இருந்த வரியை எடுத்துவிட்டு, உச்சிக் கிளையில் ஸ்டார் கட்டுவோம் என்று மாற்ற வைத்தார். இன்றைக்கு நிறையப் பேர் பாடுவது இந்த ஸ்டார் வரியைத்தான். என் மனதுக்கு அந்தத் தட்டுத்தடுமாறுகிற வரிதான் நெருக்கம். டிசம்பரில் எத்தனை வீடு அப்படித்தானே ஓடுகிறது. 1992இல் வந்த மப்பெட் கிறிஸ்துமஸ் கேரல் என்கிற பொம்மைப் படத்திலும் இதே கதைதான்: கதாநாயகனான கஞ்சனை இளவயதில் காதலி பிரிந்துபோகிற பாட்டு பிள்ளைகளுக்குப் பிடிக்காது என்று தியேட்டர் பிரதியில் வெட்டிவிட்டார்கள். அந்தப் பாட்டு இல்லாமல் அந்தக் கஞ்சன் ஏன் அப்படி ஆனான் என்பதே பிடிபடாது. முழுப் பிரதி இப்போது ஓடிடியில் கிடைக்கிறது, பார்ப்பதானால் அதைத் தேடிப் பாருங்கள்.

இனி மேடைப் பாட்டு நாடகங்களைப் படமாக்கியதற்கு வருகிறேன். பாட்டுப் படம் நமக்குப் புதுசா என்று கேட்கலாம். ஆனால் இவற்றைப் போட்டால் முதல் அரை மணியிலேயே பாதிப் பேர் எழுந்து போகிறார்கள், ஏன் என்று எனக்குப் புரியவே நாளானது. நம் படத்தில் பாட்டு வந்தால் கதை கொஞ்சம் நிற்கும், போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் ஒன்றும் தவறிப்போகாது. அங்கே பாட்டுக்குள்தான் கதை நகர்கிறது. லே மிசராப்ள் படத்தில் பேச்சு என்று பார்த்தால் சொற்பம், எல்லாம் பாட்டு. பாட்டுத்தானே என்று எழுந்து போய்விட்டு வருவதற்குள் கைதியாக இருந்தவர் ஊர் மேயராகி இருப்பார். வரி புரியவில்லை என்றால் கதையே போய்விடும்.

இதற்கு நான் கண்ட வழி, கதையை முதலிலேயே முழுசாகச் சொல்லிவிடுவது. முடிவையும் சேர்த்து. சஸ்பென்ஸ் போய்விடுமே என்று அண்ணன் மகன் சண்டைக்கு வந்தான். எங்கள் தாத்தா வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடைக் கொட்டகையில் விடிய விடிய நாடகம் பார்த்தவர். வள்ளி திருமணத்தில் முருகன் கடைசியில் வள்ளியைக் கட்டிக்கொள்வான் என்று தெரியாமலா அத்தனை பேர் போய் உட்கார்ந்தார்கள்? கூத்தில் அபிமன்யு சாவான் என்று ஊருக்கே தெரியும், எப்படிப் பாடுகிறான் என்று பார்க்கத்தான் போவார்கள். பாட்டு நாடகத்தை அப்படித்தான் பார்க்க வேண்டும். இரவு சாப்பிடும்போது கதையை அத்தைக்கும் அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன் என்றால், அப்புறம் சப்டைட்டிலைத் துரத்தாமல் முகத்தைப் பார்க்கிறார்கள்.

ஆனாலும் லே மிசராப்ளில் ஒரு சிக்கல் வந்தது. 2012இல் வந்த அந்தப் படத்தில் நடிகர்கள் படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பாடினார்கள், காதில் பியானோ ஒலிக்க. வேலை போய், தலைமுடியை விற்று, எல்லாம் இழந்த ஒரு தாய் பாடுகிற பாட்டை ஆன் ஹாத்வே அழுது, மூச்சு வாங்கி, குரல் உடைந்து பாடுவார். கேமரா முகத்தைவிட்டு நகரவே நகராது. அம்மாவுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. 1930களின் கடைசியிலிருந்தே பின்னணிப் பாடகர்கள் வந்துவிட்ட ஊர் இது. பி. சுசீலா குரலைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, அழுகைப் பாட்டு என்றாலும் சுருதி சுத்தமாக நிற்க வேண்டும். "அழுதுகிட்டே பாடுறா, சுருதி எங்க நிக்கும்?" என்றார். அத்தை திரும்பி, "ஒப்பாரி வெக்கும்போது நாம சுருதி பாத்தா வெக்குறோம்?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை, ஆனால் காதைக் கொடுத்துக் கேட்க ஆரம்பித்தார். எங்கள் பக்கம் சாவு வீட்டில் விடிய விடிய மரண கானா பாடுவார்கள், தொண்டை கட்டிப்போன குரலில் செத்தவரின் பெயரையும் தெருவையும் சேர்த்துப் பாடுவார்கள். அதைக் கேட்டிருக்கிற காது இது. அந்தக் காதால் கேட்டால் இந்தப் பாட்டு எங்களுக்குத் தூரமே இல்லை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அத்தைதான்.

அண்ணன் மகன் கொண்டுவந்தது ஹாமில்டன். அமெரிக்காவின் முதல் நிதி அமைச்சரைப் பற்றிய மேடை நாடகம், 2016 ஜூனில் நியூயார்க் பிராட்வே அரங்கில் அசல் நடிகர்களை வைத்துப் படமாக்கி, 2020 ஜூலையில் ஓடிடியில் விட்டார்கள். முக்கால்வாசி ராப். எனக்கே சப்டைட்டில் கண்ணுக்குள் ஓடிப்போய்விட்டது. அவன் ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி நிறுத்தி விளக்கினான், கடைசியில் அம்மா, "நீ சொல்லாத, நான் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டார். அவர் பார்த்ததெல்லாம் நாங்கள் கவனிக்காதது. ராஜா வேஷம் போட்டவர் பாடும்போது எச்சில் தெறித்து முகவாயில் வழியும், அவர் துடைக்கவே மாட்டார், அப்படியே பாடுவார். "கடைசி வரிசைக்குக் கேக்கணும்னு பாடுறாரு, எச்சிலயா பாப்பாரு" என்றார். பிறகு மகன் சண்டையில் செத்துப்போய், அப்பாவும் அம்மாவும் ஊருக்கு ஒதுக்குப்புறமாக நடக்கிற பாட்டு. அத்தனை நேரம் பொரிந்து தள்ளியது நின்று மெதுவாகிவிடும். அந்த இடத்தில் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலே போதும்.

துக்கம் கலந்த பண்டிகைப் படம் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் சொந்தமா என்ன. 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ், நம் வட சென்னை பிராட்வே தியேட்டரில்தான் 1946 தீபாவளி தாண்டி ஓடியது, மூன்று தீபாவளி கண்ட படம். பெற்றவர்களை மதிக்காமல் சீரழிந்து, பிறகு மனம் திருந்தி அவர்கள் காலடியே கதி என்று கிடக்கிற மகனின் கதை. பாகவதரே நடித்துப் பாடியது. தாத்தா அதை அங்கே போய்ப் பார்த்ததைச் சொல்லாத தீபாவளியே இருந்ததில்லை. அத்தைக்கு டிசம்பரில் அன்னை வேளாங்கண்ணி ஒரு தடவை ஓடியாக வேண்டும், அதற்கு நாங்கள் எதிர்ப்பே சொல்வதில்லை.

ஹோம் அலோன் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, 1990இலிருந்து எல்லா வீட்டுப் பிள்ளைகளும் பெயிண்ட் டப்பா அடிக்குச் சிரிக்கிறார்கள். பெரியவர்களுக்கு உள்ள படம் வேறு. கோயிலில் பாடகர் குழு பாடிக்கொண்டிருக்க, பிள்ளைகள் பயப்படுகிற அந்தக் கிழவர் பையனிடம் தன் மகனோடு பல வருடமாகப் பேச்சு இல்லை என்று சொல்வாரே, அதுதான். எங்கள் ஹாலில் அந்தக் காட்சியின்போது பேச்சில்லாமல் இருக்கிற இரண்டு பேர் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் அவர்கள் பேசினார்களா என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்டுவிடாதீர்கள்.

மற்றபடி ஏற்பாடு பற்றி. 24 அன்று எதுவும் நடக்காது, கடை, வீடு கழுவுவது, நடுச்சாமப் பூசை. 25 மத்தியானம் பிரியாணிக்குப் பிறகு எல்லாரும் தூங்குவார்கள். 27லிருந்து 30 வரைதான் நல்ல நேரம், 31 ராத்திரி மறுபடி பூசை. போன வருடம் ஓடிடியில் இருந்த படம் இந்த வருடம் அங்கே இருக்கும் என்று நம்பாதீர்கள், ஒரு வாரம் முன்னாலேயே தேடி வையுங்கள். அப்படியே ஒரு பாட்டை ஓடவிட்டுப் பாருங்கள். சில இடங்களில் பேச்சுக்கு மட்டும் சப்டைட்டில் வரும், பாட்டுக்கு வராது, பாட்டு நாடகத்துக்கு அப்படி இருந்தால் பிரயோஜனமே இல்லை. மேடையிலிருந்து வந்த நீளப் படங்கள் பலவற்றில் நடுவில் இடைவேளை இருக்கும், அங்கேயே நிறுத்திவிட்டு மிச்சத்தை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். சவுண்ட் ஆஃப் மியூசிக்கில் மரியா ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைவிட்டுப் போகிற இடம் அது. மறுநாள் முழுக்க "அந்தப் பொண்ணு திரும்பி வருமா" என்று அடுக்களையில் பேச்சு ஓடும், கதை தெரிந்திருந்தாலும் ஓடும்.

இந்த வருடம் ஃபிட்லர் ஆன் த ரூஃப் பார்க்கலாம் என்று எண்ணம். 1971இல் வந்தது, மூன்று மணி நேரம், ரஷ்யாவில் ஒரு யூதக் கிராமத்துப் பால்காரர், கட்டிக்கொடுக்க வேண்டிய பெண்கள், வரன் கொண்டுவருகிற தரகர் அம்மா, கடைசியில் ஊரையே காலி செய்துகொண்டு போகிற துக்கம். அத்தை இந்தத் தரகர் அம்மாவைப் பற்றி இப்போதே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். கல்யாண வீட்டில் கலவரம் நடக்கிற இடத்தில் இடைவேளை, இரண்டு ராத்திரிக்குச் சரியாகப் பிரிந்துவிடும். பாட்டுக்கும் சேர்த்துத் தமிழில் சப்டைட்டில் உள்ள பிரதி எங்கே கிடைக்கும் என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.